அம்மப்பாவின் துவக்கைக் கறளில் இருந்து எடுத்த கதை

இரட்டைக் குழல் துவக்கு ஒன்றைக் கறள் எடுத்து, மெழுகு பூசி, இரும்பு அலுமாரிக்குள் பூட்டியாயிற்று. புதுசு போல வரவில்லை. வரவைக்க நான் நினைக்கவும் இல்லை. குழல் இரண்டும் மங்கல் கறுப்பு. சோங்கு, அதாவது தோளில் வைக்கிற மரப் பிடி, பழைய தேன் நிறம். வலது குழலில் தோட்டா இருக்கும் அறையைக் கறள் தின்ற குழிகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. இதை இனி யாரும் சுடப்போவதில்லை. இருக்கிற இரும்பு இதற்கு மேல் போகக்கூடாது, அவ்வளவுதான் தேவை. வீட்டில் இப்படி ஒரு சாமான் வைத்திருப்பவர்களுக்கு உதவட்டும் என்று செய்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

துவக்கு அம்மப்பாவுடையது. தம்பலகாமத்தில் வயல் செய்தவர். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாயும் காணி. யானையைக் கலைக்க யானை வெடி என்று ஒன்று வருவதற்கு முந்திய காலத்தில், பன்றிக்கும் யானைக்கும் இரவுக் காவல் இருக்க, பயிர்ப் பாதுகாப்புக்கென்று கச்சேரியில் அனுமதி எடுத்து வாங்கியது. அவருக்குப் பிறகு மாமாவிடம் இருந்தது. சண்டைக் காலத்தில் அது எங்கே இருந்தது, எப்படித் திரும்பி வந்தது என்பதெல்லாம் வேறு கதை. மாமா போன பிறகு எனக்கு வந்தது, திருக்கடலூரில் கடலுக்குக் கிட்ட இருக்கிற வீட்டுக்கு. போட் எஞ்சின் திருத்துவது என் தொழில். உப்பு இரும்பை என்ன செய்யும் என்று தெரியும். துவக்கைப் பற்றி ஒன்றும் தெரியாது.

முதலில் கடதாசி வேலை. 1916இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம்தான், திருத்தங்களோடு, இன்றைக்கும் நடப்பில் இருக்கிறது. அனுமதிப்பத்திரத்தை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். வைத்திருந்தவர் இறந்தால் பிள்ளையோ மருமகனோ சும்மா எடுத்து வைத்திருக்க முடியாது. என் பெயருக்கு எழுத்தில் வரும்வரை உறையின் வாரைக்கூட நான் அவிழ்க்கவில்லை. அலைச்சல்தான், ஆனால் இதில் குறுக்கு வழி பார்க்காதீர்கள்.

உறையை அவிழ்த்ததும் விஷயம் பாதி விளங்கிவிட்டது. நல்ல தடித்த தோலுறை. தோல் தொட்டுக்கொண்டு கிடந்த இடமெல்லாம் செங்கறள். உறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த குழல் நுனி கிட்டத்தட்டச் சுத்தம். பதப்படுத்திய தோலில் அமிலமும் உப்பும் இருக்கும். அது மாரி காலத்து ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு, மெல்ல மெல்ல இரும்புக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். காப்பாற்றுவதற்கென்று போட்ட உறைதான் தின்றிருக்கிறது. இதே கதை பிறகு இன்னும் இரண்டு இடத்தில் வந்தது.

துவக்கைத் திறக்க முடியவில்லை. குழல்கள் முன்பக்கம் மடிந்து திறக்கிற வகை; மேலே இருக்கிற நெம்பைப் பெருவிரலால் வலது பக்கம் தள்ள வேண்டும். அது அசையவே இல்லை. மூட்டு முழுவதும் பழுப்பு நிறத்தில் பிசின். திறக்க முடியாத துவக்குக்குள் தோட்டா இருக்கிறதா இல்லையா என்று பார்க்க முடியாது, ஆகவே இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். மணல் மூட்டை இரண்டை அடுக்கி, குழல் வாயை அதன் பக்கம் திருப்பி வைத்தேன். 12 மில்லிமீற்றர் தடிப்புள்ள மரக் கம்பு ஒன்றை எடுத்து, பக்கவாட்டில் நின்றுகொண்டு, ஒவ்வொரு குழலுக்குள்ளும் முட்டும்வரை விட்டு, வாயோடு சேர்த்துப் பென்சிலால் கோடு போட்டேன். அதே கம்பைக் குழலுக்கு வெளியே பிடித்துப் பார்த்தால் உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரியும். குழல் வெளியளவு 30 அங்குலம், அதாவது 76 சென்ரிமீற்றர். இடது குழலில் கம்பு முழுதாகப் போனது. வலது குழலில் ஒரு சென்ரிமீற்றர் அளவுக்குக் குறைந்தது.

அந்த ஒரு சென்ரிமீற்றரைப் பற்றிக் கனநேரம் யோசித்தேன். சுடாத தோட்டா என்றால் 6 சென்ரிமீற்றர் அளவில் குறைய வேண்டும். சுட்டு முடிந்த வெறும் கோது என்றால் அதன் வாய் திறந்திருக்கும். கம்பு அதற்குள் இறங்கி அடித்தட்டில் முட்டும். கணக்குப்படி வெறும் கோதுதான். ஆனால் கணக்கை நம்பி அனல் காட்டவோ தட்டவோ நான் தயாரில்லை. அங்கேயே நிறுத்திவிட்டு, துவக்குத் திருத்தும் அனுமதியோடு கந்தளாய்ப் பக்கம் இருக்கிற ஒரு ஐயாவிடம் பத்திரத்தையும் துவக்கையும் கொண்டுபோனேன்.

ஐயா துவக்கின் மூட்டு இருந்த இடத்தை மணந்து பார்த்தார்.

“தம்பி, என்ன எண்ணெய் போட்டவை?”

“நல்லெண்ணெய், ஐயா. வருசா வருசம் தைப்பொங்கலுக்குப் போடுறவர் மாமா.”

“அதுதான். தலைக்கு வைக்கிறது நல்லம். இதுக்கு வைக்கக் கூடாது.”

நல்லெண்ணெய் காற்றுப்பட்டுக் காலப்போக்கில் இறுகிப் பிசினாகிற எண்ணெய். வருடா வருடம் ஒரு பூச்சு, அதன் மேல் இன்னொரு பூச்சு. கடைசியில் வார்னிஷ் அடித்தது போலாகிவிட்டது. மண்ணெண்ணெயை ஓர் இரவு ஊறவிட்டுப் பார்த்தோம். மேல்படை மட்டும் இளகியது. பிறகு என் தொழிலில் இறுகிய போல்ட்டுக்குப் பாவிக்கிற கலவையைச் சொன்னேன்: கியர் எண்ணெயும் அசற்றோனும் சரிபாதி. ஊசிச் சிரிஞ்சில் எடுத்து நெம்பின் அடியில் சொட்டுச் சொட்டாக விட்டோம். மரத்தில் பட்டால் பூச்சைத் தின்றுவிடும் என்பதால் சோங்கைப் பொலித்தீன் சுற்றிக் கட்டியிருந்தோம். பின்னேரம் ஐயா பெருவிரலை வைத்து அமத்தினார், அடிக்கவில்லை, நெம்பவில்லை. கிர் என்று ஒரு சத்தம். அரை அங்குலம் போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது. திறந்தது.

வலது அறைக்குள் கடதாசிக் கோது. பித்தளை அடி பச்சை பூத்திருந்தது. அடியின் நடுவில் இருக்கிற வெடிக் குமிழில் ஊசி அடித்த குழி இருந்தது, ஆகச் சுட்டதுதான். அம்மப்பா கடைசியாகச் சுட்ட வெடியாக இருக்கலாம், மாமாவினுடையதாகவும் இருக்கலாம். கடதாசி ஊதி அறையோடு ஒட்டிப்போய், கம்பை முன்பக்கத்தால் விட்டு மெல்லத் தள்ளத்தான் வந்தது. வந்த இடத்தில் பார்த்தால், கடதாசி இருந்த நீளத்துக்கு வளையமாகக் குழி. இடது அறையில் அப்படி ஒன்றும் இல்லை. உறை, எண்ணெய், கோது: மூன்றும் இரும்போடு ஒட்டிக் கிடந்தவை, மூன்றும் வைத்தவர்கள் அறியாமல் விட்டவை.

இரண்டு பக்கப் பூட்டுகளையும், அதாவது குதிரையை இயக்குகிற பொறிகளை, கழற்றிச் சுத்தம் செய்வது ஐயாவின் வேலை. நான் பக்கத்தில் இருந்து திருப்புளி செய்து கொடுத்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பழைய இங்கிலாந்துத் துவக்கின் திருகாணி வெட்டு மிக ஒடுக்கம், முக்கால் மில்லிமீற்றர்கூட வராது. கடையில் விற்கிற திருப்புளியின் நுனி ஆப்பு மாதிரிச் சரிந்திருக்கும். வெட்டின் மேல் விளிம்பில் மட்டும் பிடிக்கும், திருகினால் விளிம்பைக் கிழித்துவிடும். நல்ல உருக்குத் திருப்புளி ஒன்றின் இரண்டு பக்கத்தையும் அரத்தால் சமாந்தரமாக ராவி, வெட்டுக்குள் ஆட்டமில்லாமல் இறங்கும்வரை ராவி ராவிப் பார்த்தேன். அப்படி இறங்கினால் கைப்பலம் பெரிதாகத் தேவையில்லை. கழற்றிய திருகாணிகள் ஒரே மாதிரித் தெரிந்தாலும் நீளம் வேறு வேறு. மட்டை ஒன்றில் துவக்கின் படத்தைக் கீறி, அந்தந்த இடத்திலேயே குத்தி வைத்தோம்.

குழலின் அடிப்பக்கத்தைத் துடைத்தபோது முத்திரைகள் தெரிந்தன. கிரீடமும் அதன் கீழ் பி.வி., பி.பி., என்.பி. என்ற எழுத்துகளும். இங்கிலாந்தில் துவக்குகளைச் சோதித்து முத்திரை குத்துகிற பேர்மிங்ஹாம் பரிசோதனைச் சாலையின் அடையாளம். என்.பி. என்றால் புகையில்லா வெடிமருந்துக்குச் சோதித்தது. கிரீடத்தோடு அது அங்கே 1904இல் வந்தது. 1954க்குப் பிறகு என்றால் அமுக்கத்தைத் தொன் கணக்கில் பொறித்திருப்பார்கள். அது இதில் இல்லை. ஆக அந்த ஐம்பது வருடத்துக்குள் செய்தது. அறையின் நீளத்தை வேர்ணியரின் வால் விட்டு அளந்தேன்: 65 மில்லிமீற்றர். இது முக்கியம். இந்தத் துவக்கின் குழல் அளவு 12 போர்; இப்போது கிடைக்கிற 12 போர் தோட்டாக்களில் பெரும்பாலானவை 70 மில்லிமீற்றர் அறைக்குச் செய்தவை. அவை இந்த அறைக்குள்ளும் தடங்கலில்லாமல் போகும். சுட்டால் கோதின் வாய் விரிய இடம் போதாமல் அமுக்கம் ஏறும். பழைய துவக்கு வைத்திருப்பவர்கள் “உள்ளே போகிறதுதானே” என்று நினைக்க வேண்டாம்.

ஐயா இன்னொன்றும் சொன்னார். “மினுக்க வேண்டாம் தம்பி. மினுக்கினால் இந்த எழுத்தெல்லாம் போயிடும்.” உப்புத்தாளை அந்த நிமிடமே பட்டியலில் இருந்து வெட்டினேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து குழலின் உட்பக்கத்தில் தொடங்கினேன். பலர் முதலில் எண்ணெயைத்தான் ஊற்றுவார்கள். பழைய தோட்டாக்களின் வெடிக் குமிழில் பொட்டாசியம் குளோரேற் இருக்கும். சுட்ட பிறகு குழலில் மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைட், கிட்டத்தட்டச் சாப்பாட்டு உப்பின் குணம். ஈரத்தை இழுக்கும். எண்ணெயில் கரையாது, தண்ணீரில் கரையும். கடலுக்குப் போய்வந்த எஞ்சினுக்கு முதல் வேலை நல்ல தண்ணீர் ஓடவிடுவது; இங்கேயும் அதுதான். கொதித்த தண்ணீரைப் புனல் வைத்து ஒவ்வொரு குழலாக ஊற்றினேன். முதலில் கறுப்பு, பிறகு தேயிலைச் சாயம், பிறகு தெளிவு. கொதிநீரால் குழல் சுடச்சுட இருப்பதால் தானாகவே காய்ந்துவிடும். அதன் பிறகுதான் மண்ணெண்ணெயில் தோய்த்த வெண்கலத் தூரிகை, அப்புறம் பழைய பெனியன் துணித் துண்டுகள். தண்டை அறைப் பக்கத்தால்தான் விட வேண்டும். வாய்ப் பக்கத்தால் விட்டால் வாய் விளிம்பு தேயும். வெள்ளைத் தாளை ஒரு முனையில் பிடித்து, தாளில் போன் வெளிச்சத்தை அடித்து மறுமுனையால் பார்த்தேன். இடது குழல் பளிச்சென்று வட்டம் வட்டமாகத் தெரிந்தது. வலது குழலில் அறையைத் தாண்டியும் இரண்டு விரல் அகலத்துக்குக் குழி. குழல் தடிப்பு அந்த இடத்தில் எவ்வளவு மிச்சம் என்று தெரியாமல் சுடுவது பைத்தியக்காரத்தனம். சுடுகிற பேச்சு அன்றோடு முடிந்தது.

வெளிக் கறளுக்கு இரண்டு சாமான். ஒன்று 0000 இலக்க இரும்புப் பஞ்சு. திருகோணமலையில் தேடிக் கிடைக்கவில்லை, கொழும்பில் இருந்து எடுப்பித்தேன். கடையில் சட்டி தேய்க்கிற பஞ்சு வேண்டாம், கீறும். மற்றது பழைய 5 ரூபாக் குற்றி. பழைய குற்றி நிக்கல் கலந்த பித்தளை. 2005இல் இருந்து வந்தது பித்தளை முலாம் பூசிய இரும்பு, 2017இல் இருந்து வருவது துருப்பிடிக்காத உருக்கு. காந்தத்தில் ஒட்டினால் அது உதவாது. ஒட்டாத குற்றியின் விளிம்பால், எண்ணெய் விட்டு, கட்டியாக எழும்பியிருந்த கறளைச் சுரண்டலாம். பித்தளை இரும்பை விட மென்மை என்பதால் கறள் போகும், கீழே இருக்கிற கறுப்புப் பூச்சு நிற்கும். குற்றியின் விளிம்பு தேயத் தேயத் திருப்பிக்கொள்ளலாம். இரவில் வானொலியைப் போட்டுவிட்டு இருந்து செய்ய நல்ல வேலை.

கட்டி போனாலும் செங்கறள் மெல்லிய படையாக நின்றது. அதற்கு அவிக்கிற முறை: செங்கறளைக் கொதிநீரில் அரை மணி அளவு வைத்தால் அது கறுப்பு ஒட்சைட்டாக மாறும். பழைய துவக்குகளின் கறுப்பு நிறமும் இதே சங்கதிதான். அவிப்பதற்கு முன் ஒரு சோதனை. இரட்டைக் குழலை ஈயப்பற்றால்தான் ஒட்டியிருப்பார்கள். நடுவில் ஓடுகிற பட்டி எங்காவது விட்டிருந்தால் தண்ணீர் உள்ளே போய்த் தங்கி உள்ளிருந்து தின்னும். குழலைக் கயிற்றில் தொங்கவிட்டு விரல் மொழியால் தட்டினேன். கோயில் மணி போலச் சத்தம் இழுத்துக்கொண்டு போனது. பட்டி விட்டிருந்தால் தகர அதிர்வு கேட்கும். அதே ஈயப்பற்றால்தான் ஊதுவிளக்கு அனலும், காரம் போட்டுக் காய்ச்சி நீலம் ஏற்றுகிற முறையும் இரட்டைக் குழலுக்கு ஆகாது. ஒன்று பற்றை உருக்கும், மற்றது கரைக்கும். வெறும் தண்ணீரின் கொதிக்கு அது அசையாது.

துருப்பிடிக்காத உருக்குத் தகட்டை மடித்து ஒட்டி, ஒரு மீற்றர் நீளத் தொட்டி செய்தேன். அடியில் இரண்டு அடுப்பு. முதல் முறை கிணற்றுத் தண்ணீர். கறுப்பு வந்தது, கூடவே சுண்ணாம்பு வெள்ளைக் கோடுகளும் வந்தன. எங்கள் பக்கக் கிணற்றுத் தண்ணீரில் பானை அடியில் என்ன படியும் என்று தெரிந்தவர்களுக்கு ஆச்சரியம் இருக்காது. அடுத்த முறை பற்றரிக்கு ஊற்றுகிற வடித்த தண்ணீர் 12 போத்தல். குழலை அசற்றோனால் துடைத்து, கையுறையோடு தொட்டியில் இறக்கினேன். விரல் எண்ணெய் பட்ட இடம் நிறம் மாறாது. செம்மஞ்சள் பழுப்பாகி, பழுப்புக் கறுப்பாகி, கடைசியில் வெல்வெட் மாதிரி ஒரு கறுப்புத் தூள் மேலே நின்றது. எடுத்து, எண்ணெய் நீக்கிய இரும்புப் பஞ்சால் அமத்தாமல் துடைத்தால் தூள் போய்க் கீழே மங்கல் கறுப்பு. குழிகள் கறுப்பாயின, மறையவில்லை.

காயவைக்கத்தான் கச்சான் காற்று. வைகாசி, ஆனியில் மேற்கே இருந்து அடிக்கிற அந்த வறண்ட காற்றை எல்லாரும் திட்டுவோம். இந்த வேலைக்கு அதை விட நல்ல காலம் இல்லை. மத்தியானத் தகரக் கூரையில் குழலைச் சாய்த்து வைத்தேன், தொட முடியாத சூடு. பட்டிக்குள் ஏதும் ஈரம் இருந்திருந்தாலும் நின்றிராது.

சோங்கு வால்நட் மரம். பூட்டோடு சேருகிற தலைப்பக்கம் எண்ணெய் ஊறிக் கன்னங்கரேல் என்று, நகம் வைத்தால் பதிகிற அளவுக்கு மெத்து. துவக்கை எப்போதும் வாய் மேலே பார்க்கச் சாய்த்து வைப்பார்கள். போடுகிற எண்ணெய் எல்லாம் கீழே வடிந்து மரத்துக்குள்தான் போகும். வெளியே இழுக்க, பெண்கள் முகத்துக்குப் பூசுகிற முல்தானி மட்டியை அசற்றோனில் குழைத்துத் தடிப்பாக அப்பினேன். அசற்றோன் ஃபைபர் போட் கட்டுகிற இடத்தில் லீற்றராகக் கிடைக்கும். முற்றத்தில் வைத்துச் செய்யுங்கள், அடுப்புப் பக்கம் போக வேண்டாம். மட்டி காய்ந்தபோது ரொட்டித் தீய்வு நிறத்தில் எண்ணெயைக் குடித்திருந்தது. தட்டிவிட்டு மறுபடி அப்பி, மட்டி வெளிறியபடியே காயும்வரை தொடர்ந்தேன். நகம் பதிவது நின்றது, மரத்தின் ரேகை தெரிந்தது. சுண்ணாம்பு பாவிக்கலாமே என்று ஒருவர் கேட்டார். அது காரம், வால்நட்டைக் கறுப்பாக்கும்.

சோங்கில் இருந்த பள்ளம் ஒன்றை ஈரத்துணியும் இஸ்திரிப் பெட்டியும் வைத்து ஆவியில் எழுப்பினேன். மற்றக் கீறல்களை விட்டுவிட்டேன். அடிப்பக்கத்தில் கத்தியால் வெட்டிய சின்னச் சின்ன வெட்டுகள் வரிசையாக இருக்கின்றன. பன்றிக் கணக்கா வேறு கணக்கா தெரியாது. அவற்றைத் தொடவில்லை. பிறகு ஆளி விதை எண்ணெய், உள்ளங்கையில் சில துளி, சூடேறும்வரை தேய்ப்பு, மிச்சத்தைத் துடைத்தெடுப்பு. ஒரு பூச்சு நன்றாகக் காயாமல் அடுத்ததைப் போட்டால் நல்லெண்ணெய்க் கதைதான். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்து அல்லது தண்ணீரில் ஊறவைத்து எறியுங்கள்.

இரும்புக்கு மெழுகு. நம் காட்டுத் தேன்மெழுகைத்தான் முதலில் நினைத்தேன். தேன்மெழுகில் கொஞ்சம் அமிலம் இருக்கும். 1950களில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உருவாக்கிய றெனெசான்ஸ் மெழுகு அமிலமில்லாதது. பெற்றோலிய மெழுகில் செய்தது. 65 மில்லிலீற்றர் டின் ஒன்று 8,000 ரூபா, இந்த வேலையிலேயே பெரிய செலவு அதுதான். ஆனால் முழுத் துவக்குக்கும் கால்வாசிகூடப் போகவில்லை. மெல்லிய பூச்சு, காயவிட்டுத் துணியால் தேய்ப்பு. கைரேகை இனி மெழுகில்தான் படியும். மூட்டுக்கு மட்டும் தையல் மெசின் எண்ணெய், ஊசி நுனியில் ஒரு துளி.

தோலுறை இப்போது வெறுமையாக வேறு அலுமாரியில் கிடக்கிறது. துவக்கு இரும்பு அலுமாரிக்குள், குழல் வாய் கீழே பார்க்க, மரக்கட்டையில் நிற்கிறது. குதிரை இரண்டும் விட்ட நிலையில். வில்லுக்கு இழுவை இல்லை. சாவி என்னிடம் மட்டும். ஒரு கிலோ சிலிக்கா ஜெல்லைத் துணிப்பைகளில் பிரித்து வைத்திருக்கிறேன். செம்மஞ்சளாக இருக்கிற மணி ஈரம் குடித்தால் பச்சையாகும்; தாச்சியில் மெல்லிய சூட்டில் வறுத்தால் பழைய நிறம் திரும்பும். அரிசி போட்டால் போதும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம், அரிசி ஈரத்தை அவ்வளவு பிடிக்காது, எலியைத்தான் கூப்பிடும்.

செலவு எல்லாம் சேர்த்து 26,000 ரூபா சொச்சம். தண்டும் தூரிகையும் 4,500, ஐயாவுக்கு 5,000, வடித்த தண்ணீர் 2,400, மற்றவை சில்லறை. தொட்டித் தகடு கராஜில் மிஞ்சிக் கிடந்தது. இன்னொரு முறை செய்வதென்றால் கிணற்றுத் தண்ணீரில் அவிக்கவே மாட்டேன். அந்த வெள்ளைக் கோட்டை எடுக்கப் போன பஞ்சே பாதி. தொட்டியை இன்னும் ஒடுக்கமாகச் செய்தால் எட்டுப் போத்தலில் முடியும். சோங்கின் தலைப்பக்கத்துக்கு ஆளி எண்ணெய் பூசுவதற்கு முன் மரத்தை இன்னும் ஒரு வாரம் காற்றில் விடுவேன். நம்மிடம் வந்த வேறு யாருடைய துவக்காக இருந்தாலும், அனுமதி கைக்கு வந்த பிறகு முதல் வேலை அந்த மரக் கம்பும் பென்சில் கோடும்தான். கம்பு குறைந்தால் கையை எடுத்துவிட்டு, தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.